அடியிலிருந்து எண்ணிய கால்கள்

மூன்று வாரமாக என் வீட்டுக்காரர் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். தேர்ந்தெடுத்து அதில் ஏதாவது செய்தாரா என்றால் அதுவும் இல்லை. தேர்ந்தெடுப்பதே வேலையாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல இந்த மனுஷனுக்கு அரை மணி நேரம்தான் ஆனது. அதிலும் பாதி நேரம் எங்கள் வீட்டு மின்விசிறி ஏன் முனகுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்யூட் போர்டு வரைவதற்கான மென்பொருள் அது. காசு கேட்கக் கூடாது. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். வரைந்ததை வீட்டிலேயே அச்செடுத்து, செம்பு ஒட்டிய அட்டையில் போர்டாகச் செய்ய முடிய வேண்டும். கேட்டால் மூன்றே நிபந்தனை. அதற்கு மூன்று வாரம்.

இவர் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உரித்து, புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார். முப்பது வருடமாக அதுதான் சோறு போடுகிறது. வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்காக இந்தச் சின்ன எலக்ட்ரானிக்ஸ். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் மணி, இருட்டினால் தானே எரியும் விளக்கு, எந்த நிலையமும் கிடைக்காத ரேடியோ. எதற்கும் மூடி கிடையாது. எல்லாம் குடலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலமாரியில் கிடக்கும். நானும் இதுவரை எதுவும் சொன்னதில்லை. குடித்துவிட்டு வருவதற்கு இது தேவலை.

இந்த முறை அவர் செய்தது எனக்காக. அதனால்தான் எனக்கு எரிச்சல்.

நான் இருபத்தாறு வருடம் தறிக் கூடத்தில் நின்றவள். ஒரே கூரையின் கீழ் நூற்றுச் சொச்சம் தறிகள். காது ஒரே நாளில் போகவில்லை, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் குருவிகள் போயின. பிறகு சைக்கிள் மணி, குக்கர் விசில், மருமகன் செல்போன். ஆம்பிளைக் குரல் பக்கத்தில் நின்று பேசினால் இன்னும் கேட்கும். கீச்சென்று வருகிற எதுவும் கேட்காது. குழந்தையின் அழுகை அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பேத்தி பிறந்த பிறகுதான் தெரிந்தது. காதுக்கருவி ஒன்று இருக்கிறது. மாட்டினால் தட்டு வைக்கிற சத்தம் கன்னத்தில் அறைகிற மாதிரி வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

போன மாதம் மகள் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போனாள். திரும்பி வந்தபோது நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி, தொட்டிலில், குழந்தை கத்திக் கத்தி மூஞ்சி கத்திரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு என் தோளைத் தட்டி, "பரவால்லம்மா" என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேறுகால விடுப்பு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. மருமகன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அந்த வெங்காய நாளுக்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

"கடையில விக்குதுப்பா, குழந்தை அழுதா தெரியறதுக்கு" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"விக்கிறது பூரா சத்தம் போடும், இல்லேன்னா போனுக்குச் சேதி அனுப்பும். உங்கம்மா போனை அரிசி டப்பா மேல வச்சுட்டு வீடு பூரா தேடுவா. நான் செய்யிறேன். கையில கட்டிக்கிட்டா போதும், அதிரும்."

செய்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். தொட்டிலில் கட்ட ஒரு பெட்டி. அதில் ஒரு மைக்கும், சத்தத்தைப் பெரிதாக்குகிற எட்டுக் கால் ஐசி ஒன்றும், அலை அனுப்புகிற சின்னத் துண்டு ஒன்றும். என் மணிக்கட்டில் கட்ட இன்னொரு பெட்டி. அதில் பழைய செல்போனிலிருந்து பிடுங்கிய அதிர்வு மோட்டார். கைப்பெட்டி முதல் நாளே ஒழுங்காக வேலை செய்தது. தொட்டில் பெட்டிதான் வம்பு. பொத்தல் போர்டு என்று ஒன்று இருக்கிறது, அட்டை முழுக்க ஓட்டை. அதில் உறுப்புகளைச் சொருகி, போர்டைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் கம்பி கம்பியாக இழுத்துப் பற்றவைப்பார். முப்பது வருடப் பழக்கம். செய்து முடித்தபோது சிலந்தி செத்துக் கிடந்த மாதிரி இருந்தது. அத்தனை கம்பியும் காற்றில் போகிற இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டது. மின்விசிறி ஓடினால் குழந்தை அழுகிறது என்று என் கையில் அதிர்ந்தது. குழந்தை அழுதபோது சும்மா இருந்தது.

மகள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இந்தக் குப்பையை எம்பிள்ளை தொட்டில்ல கட்டறதா? ஒரு ஒயரைப் பிடிச்சு இழுத்தா நேரா வாய்க்குத்தான் போகும்."

"ஒழுங்கா ஒரு போர்டு போட்டு மூடிட்டா எல்லாம் சரியாயிடும்மா."

"போடுங்க. என் லீவு முடியறதுக்குள்ள போடுங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தேர்வு.

முதல் மென்பொருள் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தார். கடைசி உறுப்பை வைக்கப் போனபோது இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. இலவசமாக வேண்டுமென்றால் இத்தனை அகலத்துக்குள்தான் வரைய வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கான். சின்ன எழுத்துல கீழ போட்டிருக்கான்."

"பந்தியில உட்கார வச்சு, இலை போட்டு, சோறு வைக்கிறப்ப கையைப் புடிக்கிறானா? நல்ல ஆளு."

இரண்டாவது இணையத்துக்குள்ளேயே ஓடுவது. ஒன்றும் இறக்க வேண்டாம். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டு உள்ளே போய் வரையலாம். குழந்தைகூட வரையும் என்றார். இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தார். மூன்றாம் நாள் எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். இணையம் இல்லை. வரைந்தது முழுக்க அங்கே இருக்கிறது, இவர் இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க படம்தானே?"

"என் படம்தான். அவன் வீட்ல இருக்கு."

"நகை நம்மளுது, பீரோ சாவி மாமியார்கிட்ட. அப்படித்தானே?"

எனக்குக் காது கேட்காததில் ஒரு வசதி உண்டு. அவர் பதில் சொல்லவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா என்று நான் விசாரிப்பதில்லை.

மூன்றாவது ஒரு போர்டுத் தொழிற்சாலையே கொடுப்பது. எல்லாம் இலவசம், அளவுக்கட்டு கிடையாது. ஆனால் வரைந்ததை அவர்களிடம்தான் செய்யச் சொல்ல வேண்டும். வீட்டில் அச்செடுக்க வழி இல்லை. போர்டு வந்து சேர இருபது நாள். குழந்தை அதற்குள் எழுந்து நடந்து, தானே வந்து என் முந்தானையை இழுத்து "பாட்டி, நான் அழறேன்" என்று சொல்லிவிடும்.

நடுவில் இவர் கைபேசிக் குழுவில் ஒரு கேள்வி கேட்டார். எலக்ட்ரானிக்ஸ் பைத்தியங்கள் அறுபது பேர் அதில் இருக்கிறார்கள். எவனுக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருவன் ‘ஊதின கெப்பாசிட்டர்’, இன்னொருவன் ‘ஷாக் அடிச்சவன்’. "வீட்டில் போர்டு செய்ய எந்த இலவச மென்பொருள் நல்லது?" என்று ஒரே வரி கேட்டார். மதியத்துக்குள் நூற்று நாற்பது பதில். எனக்குப் படித்துக் காட்டினார். அவனவன் பயன்படுத்துவதைத் தவிர மற்றதெல்லாம் குப்பையாம். ஊதின கெப்பாசிட்டர் ஷாக் அடித்தவனைப் பார்த்து நீ முதலில் பற்றவைக்கக் கற்றுக்கொள் என்றான். அவன் இவனைக் குடும்பத்தோடு இழுத்தான். மாலையில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இவர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, ஒவ்வொரு மென்பொருளுக்கும் மதிப்பெண் போட ஆரம்பித்தார். திறக்க எவ்வளவு நேரம், பட்டன் எவ்வளவு பெரிது, பின்னணி கறுப்பா வெள்ளையா. பள்ளிக்கூடத்தில் இவருக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. அந்த ஆசையை இப்போது தீர்த்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை வரைக்கும்தான் விட்டேன்.

தறிக் கூடத்தில் பேச்சு காதால் நடக்காது. எதிர்த் தறிக்காரியின் உதட்டைப் பார்த்துத்தான் கல்யாணம், சாவு, யார் யாரோடு ஓடினாள் எல்லாம் தெரிந்துகொள்வோம். கண்ணாடிக்கு அப்பால் நின்று பேசினாலும் எனக்குப் புரியும். மகளுக்கு இது தெரியும், ஆனால் மறந்துவிடுவாள். அன்றைக்குக் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே போய் நின்று போனில் பேசினாள். நான் பார்த்தேன்.

"பதினாறாம் தேதியிலேர்ந்து... ஆமா, முழு நாளும்... அடுத்த வார வெள்ளிக்கிழமை உறுதியா சொல்லிடறேன், அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைங்க... இல்லீங்க, வீட்ல பார்த்துக்க ஆள் இல்ல."

ஆள் இல்லை.

குழந்தை என் மடியில் படுத்து என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. குழந்தைக் காப்பகத்துக்காரியிடம் இடம் கேட்கிறாள், வீட்டில் ஆள் இல்லையாம். இவளை நான் பெற்றபோது மில்லின் பிள்ளைக்கூடத்தில்தான் போட்டேன். இருபது பிள்ளைக்கு ஒரு ஆயா. பால் கொடுக்க இரண்டு முறை ஓடிப் போவேன், மூன்றாவது முறை போனால் மேஸ்திரி முறைப்பான். அவளுக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. இந்தக் குழந்தையாவது கையில் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள்.

சனிக்கிழமை இவருடைய கூட்டாளி வந்தார். டிவி ரிப்பேர் பார்க்கிறவர். எல்லாரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள், வாயை மூடமாட்டார். மதிப்பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி உதட்டை விரித்துச் சொன்னார்.

"தங்கச்சி, இவன் போர்டு செய்ய மாட்டான். பரீட்சை வைக்கிறான்."

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"எதுக்குய்யா மென்பொருள்? அழியாத மை பேனா வாங்கு. செம்பு மேல கையால கோடு போடு. மருந்துத் தண்ணியில முக்கு. மிச்ச செம்பு கரைஞ்சு போயிடும், கோடு நிக்கும். நான் நூறு போட்டிருக்கேன்."

"உன் நூறுல எத்தனை வேலை செஞ்சுது?" என்றார் இவர்.

"நாப்பது."

"அதான். இது பிள்ளை சமாச்சாரம். கோடு நடுங்கக் கூடாது, இரைச்சல் வாங்கக் கூடாது."

"அப்ப எதையாவது ஒண்ணை எடுய்யா! பொண்டாட்டிக்குப் புடவை எடுக்கப் போனாக்கூட இவ்வளவு புரட்ட மாட்டே!"

"புடவைக்கு இவர் வந்ததே இல்லண்ணே" என்றேன்.

ரேடியோ போன பிறகு நான் நோட்டைப் பிடுங்கினேன். நோட்டில் நான்காவதாக ஒன்று இருந்தது, மதிப்பெண் போடாமல். உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சும்மா சேர்ந்து எழுதுவதாம். யாருக்கும் சொந்தமில்லை. அளவுக்கட்டு இல்லை, கடவுச்சொல் இல்லை, படம் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

"இதுக்கு என்ன குறை?"

"மலை மாதிரி இருக்கு. இறக்கவே ஒரு நாள் ஆகும். கத்துக்க மாசக்கணக்காகும். ஒவ்வொரு உறுப்புக்கும் போர்டுல அதோட கால் உட்கார்ற தடம் எதுன்னு நாமளே காட்டணும். பொதுக் கிணறு மாதிரி. தண்ணி நிறைய இருக்கு, கயிறும் வாளியும் நாமதான் கொண்டு போகணும்."

"கிணத்தைப் பூட்ட முடியுமா யாராச்சும்?"

"முடியாது."

"இதையே எடுங்க."

"அதுக்கில்ல, இன்னும் ரெண்டு இருக்கு, பார்த்துட்டு..."

"யோவ்."

கோபம் வந்தால் எனக்கு நீங்க, வாங்க எல்லாம் மறந்துவிடும். "எங்களை வெளிய தள்ளி மில்லை ஒருநாள் காலையில பூட்டினானே, ஞாபகம் இருக்கா? எஞ்சோத்து டப்பா உள்ள, எஞ்செருப்பு உள்ள. வெறுங்காலோட நடந்து வந்தேன். இன்னைக்கு வரைக்கும் அந்த டப்பா வரல. அடுத்தவன் கேட்டுக்குள்ள நம்ம சாமானை வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. பூட்ட முடியாததை எடு. கஷ்டமா இருந்தா கஷ்டப்படு. மோட்டார் என்ன சும்மாவா சுத்துச்சு உனக்கு?"

அந்த நோட்டை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்க அது இறங்கியது. திங்களும் செவ்வாயும் கடைக்குப் போகாமல் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்றால் கம்ப்யூட்டரைத் திட்டினார். முதுகுக்குப் பின்னால் நான் போய் நின்றால் அவர் தோள் குலுங்குவது தெரியும். நடுவில் ஒரு தடவை எழுந்து வந்து, முகமெல்லாம் பல்லாக என் எதிரில் நின்றார்.

"உலகம் பூரா சேர்ந்து எழுதினானுங்க, ஒரு தப்புப் பண்ணி வச்சிருக்கானுங்க. எட்டுக் கால் ஐசியோட காலை எல்லாம் மாத்தி எண்ணி வச்சிருக்கான். நான் கண்டுபிடிச்சுட்டேன். அந்தத் தடத்தைத் தூக்கிப் போட்டுட்டு நானே ஒண்ணு வரைஞ்சுட்டேன். குழுவுலயும் போட்டுட்டேன்."

"என்ன சொன்னானுங்க?"

"ஊதின கெப்பாசிட்டர் சபாஷ்ன்னான்."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை படத்தை வழவழப்புத் தாளில் அச்செடுத்து, செம்பு அட்டையில் கவிழ்த்து வைத்து, என் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். மை செம்பில் ஒட்டியது, பாதி என் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியது. என் சட்டி ஒன்றில் மருந்துத் தண்ணீரை ஊற்றி அட்டையை முக்கினார். செம்பு கரைந்தது, சட்டி துரு நிறமானது, பாத்திரம் கழுவுகிற தொட்டி விளிம்பில் ஒரு கறை விழுந்தது, அது இந்த வீட்டை இடித்தாலும் போகாது. ஆனால் போர்டு வந்தபோது நான்கூட வாயைத் திறந்து பார்த்தேன். தீப்பெட்டி அகலத்தில், கம்பி ஒன்றுகூட இல்லாமல், செம்புக் கோடுகள் வாய்க்கால் மாதிரி ஓடின. துளை போட்டு, உறுப்புகளைச் சொருகி, வியாழன் காலையில் பற்றவைத்து முடித்தார்.

பேட்டரியை மாட்டினார். ஐசி சூடாகி நாறியது. அவ்வளவுதான்.

கழற்றிவிட்டு இன்னொரு ஐசி வைத்தார். அதுவும் நாறியது. பெட்டியில் மிச்சம் ஒன்றுதான்.

"கோடெல்லாம் சரியா இருக்கு" என்றார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. வேற மென்பொருள்ல போட்டிருந்தா..."

"வாயை மூடு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமாகத்தான் வெளியே வந்தது. எதிரில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் போர்டைக் கையில் எடுத்தார், எடுத்த வாக்கிலேயே குப்புறத் திருப்பினார். அடியைப் பார்த்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார், ஒன்று, இரண்டு, மூன்று. கடைக்குப் போனாலும் வீட்டில் இருந்தாலும் இவர் எந்தப் போர்டையும் முகம் பார்த்து எடுத்ததில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார். பற்றவைக்கிற இடம் அதுதானே.

தறியில் பூ போட்ட துணி பெரும்பாலும் குப்புறத்தான் நெய்யப்படும். நெசவுக்காரிக்குத் தெரிவது துணியின் பின்பக்கம், நல்ல பக்கம் கீழே தரையைப் பார்த்திருக்கும். புதிதாக வருகிறவள் பூ இடம் வலம் மாறிவிட்டது என்று தறியை நிறுத்திவிட்டு அலறுவாள். நான்கூட முதல் வாரம் நிறுத்தியிருக்கிறேன். அதற்காகவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இடுப்பில் வைத்திருப்போம். துணிக்கு அடியில் நீட்டினால் நல்ல பக்கம் தெரியும்.

அவர் முழங்காலைத் தட்டினேன். "எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுறீங்க?"

"அடியிலேர்ந்து. எப்பவும் அடியிலேர்ந்துதான்."

"அந்த மென்பொருள்ல இருந்த படம், நீங்க தப்புன்னு தூக்கிப் போட்டது, அது எந்தப் பக்கம்?"

அவர் போர்டை நிமிர்த்தி மேல்பக்கத்தைப் பார்த்தார்.

நான் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தேன். கடைசி ஐசியைப் போர்டுக்கு மேலே நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன், கண்ணாடியை அடியில் நீட்டினேன். ஐசியின் முதல் கால் இந்தப் பக்கம். போர்டில் அது போக வேண்டிய கோடு அந்தப் பக்கம். உலகம் முழுக்க இருக்கிறவன் மேலேயிருந்து பார்த்து வரைந்து வைத்திருக்கிறான். இவர் ஒருவர் மட்டும் கீழேயிருந்து பார்த்து, அத்தனை பேரையும் திருத்தியிருக்கிறார்.

"பூ குப்புற இருக்கு" என்றேன்.

"குழுவுல வேற போட்டுட்டேனே" என்றார்.

"இப்ப என்ன, மறுபடி முதல்லேர்ந்தா?"

அவர் ஐசியைப் போர்டின் அடிப்பக்கத்தில், செம்பின் மேலேயே வைத்துப் பார்த்தார். எட்டுக் காலும் எட்டுக் கோட்டில் சரியாக உட்கார்ந்தன. மற்றதெல்லாம் மேலே, ஐசி மட்டும் வௌவால் மாதிரி கீழே. இடுக்கில் மெல்லிசு முனையை விட்டு ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தார். பேட்டரி மாட்டினார். நாறவில்லை. தொட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் கைதட்டினார். என் மணிக்கட்டு அதிர்ந்தது. மின்விசிறியைப் போட்டார். சும்மா இருந்தது.

நான் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. சட்டியைக் கழுவி வைக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோப்பு டப்பாவுக்குள் மூடி திருகு போட்டிருந்தது. இழுக்க ஒரு நூல்கூட வெளியே இல்லை.

"சரி. அம்மா அடுப்படிக்குப் போகட்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பாப்பா அழுதா வரட்டும்."

போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காதுக்கருவியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

எந்த நேரமும் கத்துகிற குழந்தை அன்றைக்கு அழவில்லை. பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்கிவிட்டது. கால் மணி, அரை மணி, முக்கால் மணி. பாத்திரம் கழுவினேன், கழுவினதையே திரும்பக் கழுவினேன். பதினொன்றரைக்கு அந்தக் காப்பகத்துக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மகள் வரும்போதே சொல்லியிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் ஓடாத தறிக்கு முன்னால்கூட இப்படி ஒரு நாள் நின்றதில்லை.

மணிக்கட்டு அதிர்ந்தது. நின்றது. மறுபடி விடாமல் அதிர்ந்தது.

ஈரக் கையோடு ஓடினேன். குழந்தை முஷ்டியை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் மகள், இரண்டு பேர் முகமும் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து. மகளின் உதடு கடைசி வார்த்தைகளில் இருந்தது.

"...அம்மாவுக்குக் கேக்காதுப்பா! எத்தனை டப்பா கட்டினாலும் கேக்காது!"

"என்னடி கத்துறே?" என்றேன். "பிள்ளை முழிச்சுக்கும்."

அவள் திரும்பினாள். இவர் என் கையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

குழந்தை முழித்துக்கொண்டது. நான் சொன்னேன் இல்லையா. வாய் கோணியது, முகம் சுருங்கியது, என் கையில் அதிர்வு வந்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை மூச்சு வாங்க நிறுத்தினால் அதிர்வும் நின்றது, மறுபடி கத்தினால் மறுபடி வந்தது. அவள் அதை விரலால் உணர்ந்துகொண்டே நின்றாள். நான் கையை உருவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினேன். அதற்குத்தானே இத்தனையும்.

அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போனாள். நான் பார்த்தேன்.

"வாரத்துல ரெண்டு நாள் மட்டும் போதுங்க... இல்ல, மீதி நாள் வீட்ல எங்கம்மா இருக்காங்க."

மூன்று நாள் என்னிடம், இரண்டு நாள் அங்கே. எனக்கு ஐந்தும் வேண்டும். ஒரு மாதம் போகட்டும், மீதி இரண்டையும் பிடுங்குவேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால் இவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் புதிதாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த போர்டுல ஐசியை மேல் பக்கமே வச்சுடலாம்" என்றார், என் கண்ணைப் பார்க்காமல். "ஷாக் அடிச்சவன் வேற ஒரு மென்பொருள் சொல்றான். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான்..."

ஒரு கையில் குழந்தை இருந்தது. இன்னொரு கையால் கம்ப்யூட்டர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மணிக்கட்டில் ஒன்றும் அதிரவில்லை. கத்த அவருக்குத் தைரியம் இல்லை.